பிச்சைக்கு உதவாத கைகள்



ஞாயிறு பூசை முடிந்து நாம் கோவிலைவிட்டு வெளியே வரும்போது வாசலோரம் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறோம். ஒருவருக்குக் கால் இல்லை. ஒருவருக்குக் கண் தெரியாது. இன்னொருவருக்கு விரல்கள் மடங்கிப் போயிருக்கின்றன. நம் குழந்தையின் கையில் பத்து ரூபாயைக் கொடுத்து, “போய்ப் போட்டுவிட்டு வா” என்று அனுப்புகிறோம். குழந்தையும் ஓடிப்போய்ப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுகிறது. நல்ல காரியந்தான், வேண்டாமென்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதேயுங்கள். அந்தப் பத்து ரூபாயை நாம் அந்த மனிதருக்குக் கொடுக்கிறோமா, அவருடைய மடங்கிய விரல்களுக்குக் கொடுக்கிறோமா?

இது விளையாட்டுக் கேள்வியல்ல. வேலூரில் ஒரு பெரிய வைத்தியரே இந்தக் கேள்வியின் முன் திகைத்து நின்றார்.

அவர் பெயர் பால் பிராண்ட். வேதபோதகத்துக்கு வந்த ஆங்கிலத் தம்பதிகளின் மகனாக 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். சீமையில் முதலில் தச்சுவேலையும் கட்டட வேலையும் பழகினார். அதன் பிறகுதான் வைத்தியம் படித்தார். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை வைத்தியராக வந்து சேர்ந்தார். தொழுநோயால் ஒருவருடைய கை மடங்கிப் போனால் சதை அழுகிவிட்டது, இனி அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை என்று வைத்தியர்களே கைவிட்டிருந்த காலம் அது. பிராண்ட் கூர்ந்து பார்த்ததில் விஷயம் வேறாக இருந்தது. நரம்பு செத்துப்போனதால் சில தசைகள் வேலை செய்யவில்லை. அதனால்தான் விரல் மடங்குகிறது. அதே நரம்பு செத்ததால் வலியும் தெரியவில்லை. வெந்தாலும் வெட்டுப்பட்டாலும் அறியாமல் கை புண்ணாகிக் குறைந்து போகிறது. வேலை செய்யும் நல்ல தசையின் நாரை எடுத்துத் திருப்பி விரலில் பொருத்தினால் விரல் மறுபடி நிமிருமல்லவா? செய்து பார்த்தார். நிமிர்ந்தது.

பல வருஷம் மூடிக்கிடந்த கை திறந்து மூடுவதைக் கண்டு எல்லாரும் மகிழ்ந்து, அந்த மனிதரை ஊருக்கு அனுப்பி வைத்தார்கள். சில நாள் கழித்து அவர் திரும்பி வந்தார். வந்தவர் நன்றி சொல்லவில்லை. நீங்கள் கொடுத்தது பிச்சைக்கு உதவாத கை என்று முறையிட்டார். முன்பு மடங்கிய கையை நீட்டினால் கண்டவர்கள் மனமிரங்கிப் போட்டார்கள். இப்போது நேரான கையை நீட்டினால் யார் போடுவார்கள்? சரி, வேலை தேடலாமென்றால் நோயின் தழும்பைப் பார்த்து வேலை கொடுப்பாரில்லை. குடியிருக்க இடம் கொடுப்பாருமில்லை.

இந்தச் சம்பவத்தை முதன்முதலில் படித்தபோது அந்த நோயாளியின்மேல் எனக்குச் சற்றுக் கோபம் வந்ததென்பதை ஒப்புக்கொள்கிறேன். எவ்வளவு நன்றி கெட்டவன் என்று எண்ணினேன். பிறகுதான் விளங்கிற்று: அவர் சொன்னது தம்மைப் பற்றியல்ல, நம்மைப் பற்றி. அவருடைய காயத்துக்கு ஊரார் கூலி கொடுத்து வந்தார்கள். காயம் ஆறியதும் கூலியை நிறுத்திவிட்டார்கள். காயத்துக்குப் பின்னால் இருந்த மனிதரோடு ஊருக்கு எந்தக் கணக்கும் இருந்ததில்லை.

பிராண்ட் அதைக் கேட்டுவிட்டுச் சும்மாயிருக்கவில்லை. வேலூரிலேயே நவ ஜீவ நிலையம் என்றொரு சிறிய குடியிருப்பு உண்டாயிற்று. கை சரியானவர்கள் அங்கே தங்கித் தச்சு வேலை பழகினார்கள்; மர விளையாட்டுச் சாமான்கள் செய்தார்கள். இளமையில் கற்ற தச்சு அப்போதுதான் வைத்தியருக்குக் கைகொடுத்தது. வலி தெரியாத கை உளிப்பிடியை எவ்வளவு இறுக்குகிறதென்று தனக்கே தெரியாது; ஆகையால் எந்தப் பிடி கையைக் கிழிக்கும், எது கிழிக்காது என்று ஒவ்வொரு கருவியையும் ஆராயவேண்டியிருந்தது. கையைச் செப்பனிடுவது ஒரு வேலை. அந்தக் கையோடு ஒருவன் ஊரில் பிழைக்க வழி காண்பது இன்னொரு வேலை. இந்த இரண்டாவது வேலைக்கென்றே இன்று ஒரு தொழில் இருக்கிறது. மறுவாழ்வு ஆலோசகர் என்று பெயர். உங்கள் பிள்ளைகளில் ஒருவராவது இந்தத் தொழிலைப் பற்றிக் கேட்டிருப்பார்களா? பெரும்பாலும் இராது.

நம் புதுவைக்கும் இதற்கும் தூரத்து உறவொன்று உண்டு. கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே 1938-ல் திறந்துவைத்த போர் நினைவுச் சின்னத்தைப் பார்த்திருக்கிறீர்கள். முதல் உலகப் போரில் பிரான்சு தேசத்துக்காகப் போய் மடிந்தவர்களுக்கு எழுப்பியது. மடியாமல், ஆனால் கையோ காலோ இழந்து திரும்பியவர்களுக்குக் கல் நாட்டுவது அபூர்வம். 1914 டிசம்பரில், போர் தொடங்கிச் சில மாதங்களுக்குள்ளாகவே, லியோன் நகரத்து மேயர் எதுவார் எரியோ அப்படிப்பட்ட வீரர்களுக்கென்று ஒரு தொழிற்பள்ளி திறந்தார். ஒருபுறம் ஆலைகளில் ஆளில்லை. மறுபுறம் அங்கம் இழந்தவர்கள் தெருவில் வெறுமனே உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டையும் ஒருசேரப் பார்த்தவர் அவர். போரில் ஊனமுற்றவர்களுக்குத் தொழிற்சாலைகள் கட்டாயம் இடம் கொடுக்கவேண்டுமென்று பிரான்சு 1924-ல் சட்டமும் செய்தது. அமெரிக்காவில் 1954-ம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு பல்கலைக்கழகங்களிலேயே இந்த ஆலோசகர்களைப் பயிற்றுவிக்க அரசு பணம் ஒதுக்கிற்று. இந்தியாவில் 1992-ல் மறுவாழ்வு மன்றச் சட்டம் வந்தது. பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர், செயற்கைக் கால் செய்பவர் முதலியவர்களோடு மறுவாழ்வு ஆலோசகரையும் அது பதிவு பெறவேண்டிய தொழிலராக வைத்திருக்கிறது. சரித்திரம் இவ்வளவு போதும்.

வேலை என்ன? நோயாளியிடம் பேசி ஆறுதல் சொல்வதென்று சிலர் நினைக்கிறார்கள். அது அதில் சிறு பங்கு. ஒருவர் விபத்துக்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார், எதுவரை படித்தார், உடம்பில் இப்போது எது ஓடும், எது ஓடாது, வீட்டு வாசற்படி எத்தனை, கழிப்பிடக் கதவு எவ்வளவு அகலம், பேருந்தில் ஏறமுடியுமா, இவையெல்லாம் ஆலோசகர் கேட்டு எழுதவேண்டும். அரசின் அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் வழி காட்டவேண்டும். 2016-ம் வருஷச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்லுகிறது. அவற்றில் குறிப்பிட்ட சில வகையினருக்கு அரசு வேலையில் குறைந்தது நூற்றுக்கு 4 இடம் ஒதுக்கச் சொல்லுகிறது. இது பல பெற்றோருக்குத் தெரியாது. முதலாளியிடம் போய்ப் பேசவேண்டும். கால் விளங்காத தையற்காரரின் மிஷினுக்கு மிதிக்கும் பலகைக்குப் பதிலாக மோட்டார் வைத்து, அதன் விசையை முழங்கையால் அழுத்தும்படி மாற்றினால் அவர் பழைய தையற்காரர்தானே? இப்படிச் சின்னச் சின்ன மாற்றங்களைக் கண்டுபிடிக்கவேண்டும். வேலையில் சேர்த்த பிறகும் போய்ப் பார்த்துவரவேண்டும். ஏனெனில் பலர் முதல் மாதத்திலேயே மனமுடைந்து நின்றுவிடுகிறார்கள்.

ஆனால் இவற்றையெல்லாம் பழகிக்கொள்ளலாம். கஷ்டமானது வேறொன்று. அதைச் சொல்ல, சாரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்கு உங்களை அழைத்துப்போகிறேன்.

அந்த வீட்டுத் தம்பி கட்டடத்துக்கு வர்ணம் பூசப் போனவர். கட்டிய சாரம் சரிந்து விழுந்து முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லை. “சாரத்துப் பையன் சாரத்திலிருந்து விழுந்தான்” என்று தெருவில் ஒரு கசந்த பேச்சு உண்டு. அவரே சொல்லிச் சிரிப்பார். மூடிப்போன மில்லில் வேலை பார்த்த தகப்பனார். தாயார் கண்ணிமைபோல் காத்தார். ஊட்டுவது, துடைப்பது, திருப்பிப் படுக்கவைப்பது எல்லாம் அவர்தான். ஆறு வருஷத்தில் ஒரு படுக்கைப் புண் வரவிடவில்லை. அந்தத் தாயைக் குறை சொல்ல நான் யார்?

காமராஜர் சாலைப் பக்கம் போகும்போதெல்லாம் நானும் எட்டிப் பார்ப்பேன். போய் நின்று, “தம்பி சாப்பிட்டாச்சா?” என்று கேட்பேன். தம்பியைப் பார்த்தல்ல, அவர் தாயைப் பார்த்து. “ஆச்சுண்ணே” என்பார் அவர். ஆறு வருஷம் அவர் தலைக்குமேல் நாங்கள் இருவரும் இப்படிப் பேசியிருக்கிறோம். அவருக்கு வாய் இருக்கிறதென்பது எனக்குத் தெரியாததல்ல. தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் ஆலோசகராக ஓர் இளம்பெண் வந்தார். முக்காலியை இழுத்துப் போட்டுக் கட்டில் மட்டத்துக்கு உட்கார்ந்து, அவருக்கு என்ன வேண்டுமென்று அவரையே கேட்டார். தம்பி தாயைப் பார்த்தார். தாய் பதில் சொல்ல வாயெடுத்தார். அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் காத்திருந்தார். வெகுநேரம் கழித்து, “டீக்கடைக்குப் போகணும்” என்றார் அவர்.

“டீயா? நான் போட்டுத் தரமாட்டேனா?” என்று தாய் அழுதுவிட்டார்.

நாங்களெல்லாரும் கடை வைத்துக் கொடுப்பதா, கைத்தொழில் கற்றுக்கொடுப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தோம். அந்தப் பெண் தம் நோட்டில் டீக்கடை என்று எழுதிக்கொண்டு போனார். எனக்கு அது பைத்தியக்காரத்தனமாய்த்தான் பட்டது. எரிக்கோ ஊர் வழியோரம் உட்கார்ந்து கூவிய குருடனை நினைத்துக்கொண்டது பிறகுதான். குருடனுக்கு என்ன வேண்டுமென்று யாருக்குத் தெரியாது? சேசுநாதர்சுவாமிக்குமா தெரியாது? இருந்தும் அவனைக் கூப்பிட்டு, அவனுக்கு என்ன செய்யவேண்டுமென்று அவன் வாயாலேயே கேட்டார். சுற்றி நின்றவர்கள் அவனைச் சும்மாயிரு என்று அதட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுற்றி நின்றவர்களில் ஒருவனாக நான் ஆறு வருஷம் இருந்திருக்கிறேன்.

மற்றவர்களுக்கு எது நல்லதென்று நாமே தீர்மானிப்பதில் நமக்கு ஒரு சுகம் இருக்கிறது. ஒரு காலத்தில் ஊனமுற்றவர் என்றாலே டெலிபோன் பூத் வைத்துக் கொடுப்பது வழக்கமாயிருந்தது ஞாபகமிருக்கும். பாட்டுக் கற்றவருக்கும் பூத். கணக்கில் கெட்டிக்காரருக்கும் பூத். கைப்பேசி வந்தது, பூத்துகள் போயின. கொடுத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு கொடுக்கவில்லை. கேட்காமல் கொடுத்தார்கள். பெயர் வைப்பதிலும் இப்படித்தான். நொண்டி, குருடன் என்றோம். பிறகு அங்கஹீனர், ஊனமுற்றோர் என்றோம். இன்று மாற்றுத்திறனாளி என்கிறோம். நல்ல சொல், மரியாதையான சொல். ஆனாலும் சொல்லை மாற்றிவிட்டு, தலைக்குமேல் பேசும் பழக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டிருந்தால் என்ன பிரயோஜனம்?

“அப்படியானால் அவர் சொல்வதை அப்படியே செய்துவிட்டால் போதுமா?” என்று நீங்கள் கேட்கலாம். போதாது. நெடுநாள் படுத்திருப்பவர் ஆசைப்படவே மறந்துபோயிருப்பார். எனக்கு ஒன்றும் வேண்டாம் என்பார். அதையும் பதிலாக எழுதிக்கொண்டு போய்விட முடியுமா?

மேரி வர்கீஸ் என்ற பெண் வைத்தியரைப் பற்றிச் சொன்னால் விளங்கும். கேரளத்தில் 1925-ல் பிறந்து வேலூரில் படித்தவர். பிரசவ வைத்தியத்தில் தேர்ச்சிபெற ஆசைப்பட்டவர். 1954 ஜனவரியில் சக வைத்தியர்களோடு உல்லாசமாக வெளியே போன வண்டி கவிழ்ந்தது. முகத்தில் பெருங்காயம், முதுகுத் தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போயிற்று. இருபத்தெட்டு வயது. வைத்தியம் இனி இல்லை என்று அவரே எண்ணியிருந்தபோது, அதே பால் பிராண்ட் அவரிடம் ஒரு யோசனையை வைத்தார். தொழுநோயாளிகளின் கைக்குச் செய்யும் அறுவையை வைத்தியர் உட்கார்ந்துகொண்டுதான் செய்கிறார். அதற்குக் கால் எதற்கு? கட்டளையிடவில்லை, கெஞ்சவுமில்லை. அவர் பார்க்கமுடியாமல் கிடந்த ஒரு வாசலைக் காட்டிவிட்டு நின்றார். நுழைவதா வேண்டாமா என்பதை மேரி வர்கீஸே தீர்மானிக்கவேண்டியிருந்தது. நுழைந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவைகள் செய்தார். பிறகு ஆஸ்திரேலியாவில் பெர்த்திலும், நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் என்பவரிடத்திலும் மறுவாழ்வு வைத்தியம் பயின்று திரும்பினார். 1966-ல் வேலூர் பாகாயத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் தங்கிப் பழகும் மறுவாழ்வு நிலையம் திறந்தபோது அதன் பொறுப்பு அவருடையது. 1972-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1986-ல் காலமானார். தம் வாழ்க்கை முடிந்தது என்று படுத்திருப்பவரின் அருகே, தாமும் சக்கர நாற்காலியில் வந்து நிற்கும் வைத்தியரைவிட வேறு என்ன ஆலோசனை வேண்டும்?

தென்காசிப் பக்கம் ஆய்க்குடியிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. எஸ். ராமகிருஷ்ணன் என்பவர் பொறியியல் மாணவராயிருந்தபோது 1975-ல் பெங்களூரில் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-ல் தம் ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்கு வைத்தியம் செய்து தைரியம் ஊட்டிய அமர்ஜித் சிங் சாஹல் என்ற விமானப்படை வைத்தியரின் பெயரையே அதற்கு வைத்தார்.

இத்தகைய பெரியவர்களைப் பேசும்போது ஓர் அபாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடவேண்டும். “பார், அவர் கால் இல்லாமலே எவ்வளவு சாதித்தார்! நீ ஏன் சும்மாயிருக்கிறாய்?” என்று வீட்டிலிருப்பவரைக் குத்திக் காட்டத் தொடங்கிவிடுவோம். முன்பு காயத்துக்குக் கூலி கொடுத்தோம். இப்போது சம்பாத்தியத்துக்கு மரியாதை கொடுக்கிறோம். இரண்டிலும் மனிதர் விடுபட்டுப் போகிறார். வாழ்நாள் முழுவதும் ஒரு காசு சம்பாதிக்க முடியாத குழந்தைகள் நம் பங்கிலேயே இருக்கிறார்கள். பேசமுடியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மறுவாழ்வு ஆலோசகர் எதற்கு என்றால், அவர்களுக்கும் விருப்பு வெறுப்பு உண்டு என்பதற்காகத்தான். எந்தச் சட்டை போடுவது, யார் பக்கத்தில் உட்காருவது, எப்போது வெளியே போவது என்பதில் கண்ணாலோ சைகையாலோ ஒரு சொல் அவர்களுடையதாக இருக்கவேண்டும். அதைக் கண்டுபிடித்துத் தருவதும் இந்தத் தொழில்தான். வேலை வாங்கிக்கொடுத்த எண்ணிக்கையை மட்டும் வைத்து ஆலோசகரை அளப்பது தவறென்பது என் அபிப்பிராயம்.

இனி, பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டாருக்கு ஒரு வார்த்தை. எல்லாரும் பொறியாளராகவும் செவிலியராகவும் போகவேண்டுமென்பதில்லை. புதுவையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னைக்குப் போகும்போது முட்டுக்காடு வருமல்லவா? பல்வகைக் குறைபாடு உடையவர்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் அங்கே இருக்கிறது. இந்தத் துறைப் பாடங்களை அங்கே விசாரிக்கலாம். காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் உளவியலும் சமூகப்பணியும் உண்டு, நல்ல அடிப்படை. ஆனால் மறுவாழ்வுத் தொழிலராகப் பதிவு பெற மறுவாழ்வு மன்றம் ஒப்புக்கொண்ட படிப்பே செல்லும். சேருமுன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சம்பளம் பெரிதாக இராது. பொய் சொல்லக் கூடாது. 2011-ம் வருஷக் கணக்கெடுப்பில் நாட்டில் 2 கோடியே 68 லட்சம் பேர் ஊனமுற்றவர்கள் என்று எழுதப்பட்டது. ஆகையால் வேலைக்குக் குறைவில்லை. வாயாடிப் பிள்ளைகளைவிட, பிறர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கத் தெரிந்த பிள்ளைக்கு இது பொருந்தும்.

சாரத்து வீட்டுக் கதை இன்னும் முடியவில்லை. வாசற்படி இரண்டையும் மூடித் தகப்பனார் பலகையால் சாய்வு அடித்தார். அளவெடுத்த சக்கர நாற்காலி வந்தது. உணர்ச்சியில்லாத உடம்பு புண்ணாகாமலிருக்க அடிக்கடி கையை ஊன்றி உடம்பைத் தூக்கவேண்டுமென்று அந்தப் பெண் பழக்கினார். மூன்றாம் வாரம் சாக்கடை ஓரத்தில் நாற்காலி சாய்ந்து, தம்பி விழுந்து, நெற்றியில் தையல். தாயார் அந்தப் பெண்ணை வாசலில் நிறுத்தி, “ஆறு வருஷம் ஒரு கீறல் படாம வச்சிருந்தேன். நீ வந்து என் புள்ளையை விழ வச்சுட்டே” என்று கத்தினார். தெருவே கேட்டது.

அந்தப் பெண் வாதாடவில்லை. “நாற்காலி ஓட்ட இன்னும் ரெண்டு வாரம் பழக்கியிருக்கணும், தப்பு என்னுதுதாம்மா” என்றார். ஆனால் இனிமேல் போகவேண்டாமென்று தம்பியிடம் சொல்லவில்லை. போவதா இருப்பதா என்று அவரிடமே கேட்டார். தையல் பிரிக்குமுன்பே அவர் மறுபடி போனார்.

யார் செய்தது சரி? ஒரு தாய்க்குத் தன் பிள்ளை விழாமல் பார்த்துக்கொள்ளக் கடமை இல்லையா? வளர்ந்த ஒரு மனிதனுக்கு விழுந்தெழும் உரிமை இல்லையா? நான் பல இரவு யோசித்தேன். அந்தத் தாயிடம் போய் நீங்கள் செய்தது தப்பு என்று சொல்ல இன்றுவரை எனக்கு நா எழவில்லை. அவர் இன்னும் அந்தப் பெண்ணோடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை. சாயங்காலம் ஏழு மணிக்குமேல் ஆனால் வாசலில் வந்து நின்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கடைக்காரர் சாக்கடைமேல் தாமாகவே ஒரு கல் பாவிவிட்டார். தம்பி அங்கே உட்கார்ந்து எல்லாக் கட்சியையும் திட்டுகிறார். சிலருக்கு மனு எழுதிக் கொடுக்கிறார். வேலை என்று இன்னும் ஒன்றும் அமையவில்லை. சென்ற மாதம் நான் அந்த வழியாய்ப் போனபோது கூப்பிட்டார். உட்கார்ந்து டீ குடித்தேன். எழுந்து இரண்டு டீக்கும் பணம் நீட்டினேன். கடைக்காரர் வாங்கவில்லை. “அண்ணன் கணக்கு அவங்க பேர்ல இருக்கு சார்” என்று தம்பியைக் காட்டினார்.